சுவிட்சின் மேல் இருந்த விரல்

ரிமோட் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல தொப்பி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விமானம் வாங்குவார்கள், பேட்டரி வாங்குவார்கள், இறக்கையில் ஸ்டிக்கர்கூட ஒட்டுவார்கள். உப்பளத்தில் போய் அண்ணாந்து பார்த்த பிறகுதான் வெயில் என்றால் என்னவென்று தெரியும். கீழே உப்பு வெளுப்பு, மேலே சூரியன், நடுவில் காக்கை அளவுக்கு ஒரு விமானம். கண் கூசுகிற நேரத்தில்தான் பாதிப் பேர் விமானத்தைத் தொலைக்கிறார்கள். நான் முதல் நாளே தொப்பியோடு போனேன். மந்திரமூர்த்தி அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெவரமான ஆளுதாம்மா நீங்க" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். நான் விவரமான ஆள்தான்.

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். இந்தக் கேஸை நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அப்படி எழுதவேண்டும் என்பதற்காகத்தான் நான் ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டேன். இப்போது நானே வந்து மாற்றி எழுதுங்கள் என்றால் உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். போலீசிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது என்பார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துங்கள், அங்கேயும் இதையே சொல்கிறேன். நான் இங்கே வந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கடையில் இப்போது சரக்கு இறக்குகிற நேரம். அவருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என் பெயர் இசக்கிசெல்வி. பிறந்தது சாத்தான்குளத்துப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் மஸ்கட்டில் இருந்தோம். திரும்பி வந்து வீட்டுக்காரர் இங்கே கயிறும் பெயிண்டும் போல்ட்டு நட்டும் விற்கிற கடை வைத்தார். பிள்ளைகள் இல்லை. நான் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அவர் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். மனசை ஏதாவது ஒன்றில் திருப்பச் சொன்னார் அந்த டாக்டர். நான் விமானம் ஓட்டப் பழகப்போகிறேன் என்றேன்.

"ஏளா, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? பொம்பளையாளு பொட்டல்ல நின்னுக்கிட்டு பொம்ம பிளேன் விடுதான்னா சனம் சிரிக்காது?"

"சிரிச்சா சிரிக்கட்டும். நான் சிரிக்கலயேன்னுதான டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனீங்க?"

விமானத்தை அவரே வாங்கித் தந்தார். நல்ல மனுஷன். இதில் அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முள்ளக்காட்டுக்குத் தெற்கே, உப்பு எடுப்பதை நிறுத்திவிட்ட ஒரு பழைய அளம் இருக்கிறது. மழைக்காலம் போனால் பாத்தியெல்லாம் காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். மந்திரமூர்த்தி அண்ணாச்சிதான் அவர்களுக்கு வாத்தியார். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். மரக்கட்டையைச் சீவி, காகிதம் ஒட்டி, தன் கையாலேயே விமானம் செய்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மரியான் அவருக்கு வலது கை மாதிரி. அவர்தான் அண்ணாச்சியைத் தன் காரில் கூட்டிவந்து கூட்டிப்போவார்.

சொல்லித் தருகிற முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது புரியாவிட்டால் நான் சொல்வது எதுவும் புரியாது. பழகுகிறவர் கையில் ஒரு ரிமோட், வாத்தியார் கையில் ஒரு ரிமோட். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், வயர் கிடையாது. வாத்தியாருடையதில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அவர் விரலால் இழுத்துப் பிடித்திருக்கும்வரை விமானம் பழகுகிறவர் சொன்னபடி கேட்கும். விரலை எடுத்தால் அந்தக் கணமே விமானம் வாத்தியார் கைக்குப் போய்விடும். அழுத்தவேண்டிய வேலையில்லை, விட்டால் போதும். அதனால் வாத்தியார் பதறினாலும் விமானம் தப்பிக்கும்.

பழகுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் இடது நமக்கும் இடது. அதுவே திரும்பி நம்மைப் பார்த்து வந்தால் அதன் இடது நமக்கு வலது. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்ததும் நாம் நிமிர்த்துவதாக நினைத்துக் குச்சியைத் தள்ளுவோம். அது இன்னும் சாயும். பயந்து இன்னும் தள்ளுவோம். கதை முடிந்தது. இந்தத் தப்பைச் செய்யாமல் அந்த அளத்தில் யாரும் பழகியதில்லை. உடைந்த இறக்கைகளை எல்லாம் அங்கே ஓர் உடைமுள் மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதில் மரியானுடையதும் ஒன்று.

"எந்த ரெக்க தாழுதோ அந்தப் பக்கமே குச்சியத் தள்ளுங்க செல்விம்மா" என்பார் அண்ணாச்சி. "சாயுத சுவத்துக்கு முட்டுக் குடுக்கோம்லா, அது மாதிரின்னு நெனச்சுக்கிடுங்க."

அழகாகச் சொல்லித் தருவார். முதல் மாதத்திலேயே எனக்கு அது பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம், மழைநாள் தவிர ஞாயிறு தவறாமல், அந்தத் தப்பை நான் வேண்டுமென்றே செய்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

முத்துமாரி என் தங்கை. எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளை இடுப்பில் தூக்கிச் சுமந்தது நான். தலைவாரிப் பூ வைத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, அவள் வயசுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் நான்தான். வாய் ஓயாமல் பேசுவாள். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசக்கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். அன்றைக்கும் அவள் திருச்செந்தூர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஒரு வேப்பமரத்தடியில் நின்றுதான் போனை எடுத்தாள். மறுமுனையில் மஸ்கட்டில் நான். வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "அக்கா, ஒரு சங்கதி சொல்லணும், சிரிக்கக் கூடாது, என்ன?" என்றாள்.

அந்தச் சங்கதி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கார் வந்தது. பிரேக் பிடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

காரை ஓட்டியவர் மந்திரமூர்த்தி. கோர்ட்டில் அவர் சொன்னது இது. ஒரு ஆடு குறுக்கே வந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கணம் தெரியவில்லை. மாற்றித் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான் மேடம். மாற்றித் திருப்பிவிட்டாராம். குடித்திருக்கவில்லை, வேகமும் அதிகமில்லை, ஆட்டுக்காரனும் வந்து ஆமாம் என்று சாட்சி சொன்னான். விடுதலை செய்துவிட்டார்கள். கேஸ் நடந்தபோதெல்லாம் எங்கள் அப்பாதான் போய் உட்கார்ந்திருந்தார். என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தீர்ப்பு வந்த அன்று அந்த ஆள் வராண்டாவில் அப்பாவின் காலில் விழப் போனாராம். அப்பா ஒதுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதே வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது மேடம். இதை வேறு மாதிரி பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. ஆள் வைத்து வெட்டச் சொல்லலாம், தூத்துக்குடியில் அதற்கு ஆளா இல்லை. ஆனால் வெட்டிவிட்டால் அது கொலை. நான் குற்றவாளி, அவர் பாவப்பட்ட மனுஷர் என்று ஊர் பேசும். அது எனக்கு வேண்டாம். என் தங்கைக்கு அவர் கொடுத்ததை, அப்படியே, அளவு மாறாமல் அவருக்குக் கொடுக்கவேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை, மாற்றித் திருப்பிவிட்டேன் என்று நானும் கோர்ட்டில் தலைகுனிந்து நிற்கவேண்டும். நீதிபதி என்னையும் நம்பவேண்டும். அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது.

அவரைப் பற்றி விசாரித்தபோதுதான் இந்த விமானச் சங்கதி தெரிந்தது. பழகுகிறவர்கள் செய்கிற தப்பு என்னவென்று கேள்விப்பட்ட அன்று, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். வீட்டுக்காரர் டாக்டரைப் புகழ்ந்தார்.

அவருக்கு என்னைத் தெரியாது. கோர்ட்டுக்கு நான் போனதில்லை. செல்வி என்றுதான் அறிமுகம் செய்துகொண்டேன். என் சாயலும் முத்துமாரி சாயலும் வேறு வேறு. அவள் அம்மாவைக் கொண்டிருந்தாள், நான் அப்பாவை.

ஒவ்வொரு ஞாயிறும் என் விமானம் என்னைப் பார்த்துத் திரும்பும், நான் மாற்றித் தள்ளுவேன், அவர் விரலை எடுத்துக் காப்பாற்றுவார். அந்த அளத்தில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. "அக்கா பிளேனுக்கு ரிவர்ஸ் கியரு மட்டுந்தான் இருக்கு" என்று மரியான் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். யார் யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒரு கண் வைத்துக்கொள்வேன். செல்வி அக்காவுக்கு எதிரே வந்தால் கை தடுமாறும் என்பதற்கு, நாளைக்கு நீங்கள் யாரை விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரவேண்டும். வந்ததுதானே மேடம், உங்களுக்கு?

உண்மையில் ஓட்டப் பழகியது வேறு இடத்தில். இதே மாதிரி இன்னொரு விமானம் வாங்கி எங்கள் ஊர்த் தேரியில் வைத்திருந்தேன். அப்பாவின் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாரத்தின் நடுவில் போவேன். செம்மண் காட்டில் ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு சின்னப் பனையில் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிவிட்டு, அதைப் பார்த்து விமானத்தை இறக்குவேன். முதலில் பனையை விட்டு எங்கெங்கோ போனது. பிறகு பக்கத்தில் போனது. பிறகு சட்டை கிழிந்தது. வேறு சட்டை மாட்டினேன். ஆகவே மாசி மாதம், உங்கள் கேஸில் வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது, துணையில்லாமல் ஓட்டும் என் முதல் தனிப் பறப்பு இல்லை. அது எப்போதோ, கைதட்ட ஒருவரும் இல்லாமல், தேரியில் முடிந்துவிட்டது.

அண்ணாச்சி என்னிடம் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. மற்றவர்களை "ஏலே, கண்ண எங்க வச்சிருக்க?" என்று அதட்டுவார். என்னிடம் மட்டும், "தப்பு வராம யாரும்மா கத்துக்கிட்டா? இன்னொருக்கா பாப்போம்" என்பார். என் விமானம் உடைந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டி, மணல்தாள் தேய்த்து, வர்ணம் பூசி அடுத்த வாரம் தருவார். நல்லவர் வேஷம் சிலருக்கு நன்றாகப் பொருந்தும். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

அவர் கார் ஓட்டுவதில்லை. ஒரு நாள் மரியானின் கார், விமானம் இறங்குகிற பாதையில் நின்றுவிட்டது. மரியான் தூரத்தில் ஏதோ வேலையாக இருந்தபடி, "அண்ணாச்சி, கொஞ்சம் எடுத்து ஓரமா விடுங்களேன்" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். அண்ணாச்சி அதைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பிறகு என் அருகில் வந்து, "செல்விம்மா, ஒங்களுக்கு ஓட்டத் தெரியும்லா? நான் விட்டுட்டேன். தொடதில்ல" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். நடிப்பு என்று எனக்குத் தெரியும். நான் காரை எடுத்து ஓரமாக விட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் தீராமல் இருந்தது. அவருடைய விரல். நான் மாற்றித் தள்ளிய மறுகணம் விமானத்தை வாங்கிவிடுவார், அவ்வளவு வேகம். அந்த விரல் இருக்கும்வரை என்னால் ஒன்றும் செய்யமுடியாது. நிறைய யோசித்தேன். பிறகு ஒரு வழி புரிந்தது. அவர் எனக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரி நானும் அவருக்கு ஒன்றைச் சொல்லித் தரலாம்.

ஐப்பசி மழை நின்ற பிறகு, மாற்றித் தள்ளிவிட்டு நானே திருத்திக்கொள்ள ஆரம்பித்தேன். தள்ளுவேன், விமானம் சாயும், மூச்சு விடுகிற நேரம் விட்டுவிட்டுச் சரியான பக்கம் தள்ளுவேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாலே மரியான், அவுங்களே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று கத்தினார். அதிலிருந்து அவர் விரலை எடுக்காமல் கொஞ்சம் பொறுத்தார், நானே திருத்துகிறேனா என்று. அந்தக் கொஞ்சத்தை நான் ஒவ்வொரு வாரமும் நீட்டினேன். பொங்கல் கழிந்தபோது, விமானம் தரையைத் தொடப் போகிறவரைக்கும் அவர் காத்திருக்கப் பழகிவிட்டார். நாய்க்குட்டிகூட இத்தனை சீக்கிரம் பழகாது.

அப்போது பெரிய விமானம் வேண்டும் என்று கேட்டேன். எனக்குக் கண் மங்கல், சின்னது தெரியவில்லை, கடல் காற்றில் ஆடுகிறது என்றேன். அதெல்லாம் நியாயமான காரணங்கள்தான், அவரும் ஒத்துக்கொண்டார். பெட்ரோல் இஞ்சின் வைத்தது, நான் கையை விரித்தாலும் அதன் இறக்கை என்னைத் தாண்டும். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து அதை அவரே செய்து தந்தார். இறக்கையில் "செல்வி" என்று பெயிண்டில் எழுதியிருந்தார்.

முதல் தனிப் பறப்புக்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மட்டும் பழகுகிறவர் பக்கத்தில் நிற்கமாட்டார். பக்கத்தில் நின்றால் தன் முகத்தையே பார்ப்பார்கள், வானத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பார். பாதையின் மறுகோடிக்குப் போய், வரப்பின் மேல், விமானம் வருகிற திசையைப் பார்த்து நிற்பார். கிட்டத்தில் துறைமுகம் இருப்பதால், விமானம் தவறி அங்கே போய்விடாமல் இருக்க, ரிமோட் கையில் இருக்கும், விரல் சுவிட்சில் இருக்கும். விமானம் கடல் பக்கம் போய்த் திரும்பி, அவருக்கு இடப்பக்கமாகத் தாழ்ந்து, என்னைப் பார்த்து வந்து இறங்கவேண்டும். மற்றவர்கள் பக்கவாட்டில் நின்று பார்ப்பார்கள். இறங்கியதும் எல்லோரும் கைதட்டுவார்கள், பூந்தி கொடுப்பார்கள். அந்த வழக்கம் தெரிந்தபோது, யாரோ எனக்கென்றே வைத்த வழக்கம் மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு காற்று இல்லை. அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வரப்புக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்க கையில விட்டாச்சு செல்விம்மா. ஒங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி ஓட்டுங்க" என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் நன்றாக ஏறியது. கடல் பக்கம் போனது. திரும்பியது. எனக்கு அவர் முதுகு தெரிந்தது. எனக்கு இருந்த ஒரே குறை அதுதான், அவர் முகம் தெரியாது. பரவாயில்லை, முகத்தில் வருவது வரத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் தங்கைக்குப் பயப்படக்கூட நேரம் கிடைத்திருக்காது. அவள் முதுகைக் காட்டி நின்றாளா, திரும்பிப் பார்த்தாளா என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன் தெரியுமா? இவர் பார்ப்பார். வருவதைப் பார்ப்பார், எதுவென்று புரியும், ஓட நினைப்பார், கால் வராது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. சாவு பெரிதில்லை மேடம், அது எல்லோருக்கும் வருவது.

இறக்கை லேசாகச் சாய்ந்தது. நான் மாற்றித் தள்ளினேன். பிறகு திருத்தவில்லை.

மரியான் ஏதோ கத்தியது கேட்டது. இஞ்சின் சத்தத்தில் என்னவென்று புரியவில்லை. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பட்டது. தேரியில் சட்டையில் படுகிற அதே இடம். நான் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அழுதேன். அழுகை தானாகத்தான் வந்தது, அதை ஒத்திகை பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். எதிரே வந்ததும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, மாற்றித் தள்ளிவிட்டேன் என்றேன். எல்லோரும் ஆமாம், அவுங்களுக்கு அது எப்பவும் வரும் என்றார்கள். நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, ஜாமீனுக்கு வீட்டுக்காரரை வரச்சொன்னீர்கள். கோர்ட் ஒன்றுதான் பாக்கி, மற்றபடி என் தங்கை கேஸில் நடந்தது ஒன்றுவிடாமல் நடந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம். அந்த வாரம் முழுக்க, என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நான் இடிந்துபோயிருப்பதாக நினைத்துக்கொண்டு பழம் வாங்கிவந்தார்கள். நானும் சாப்பிட்டேன். இத்தோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன்.

நேற்று மதியம் மரியான் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க மனச விட்டுரக் கூடாதுன்னுதான் வந்தேன். அண்ணாச்சிக்கு நீங்க யாருன்னு தெரியும்."

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"முத்துமாரி நெனவு நாளுக்கு வருசா வருசம் அந்த வேப்பமரத்துக்குப் பஸ்ல போவாரு. போன வருசம் போகையில நீங்க மரத்துக்கு மால போட்டுக்கிட்டு நின்னீங்களாம். எறங்காமலே திரும்பி வந்துட்டாரு. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. 'அப்ப ஏன் அண்ணாச்சி இன்னும் சொல்லிக் குடுக்கீங்க'ன்னு கேட்டேன். 'அவுங்க எதுக்கு வந்திருந்தாலும் சரிதாம்லே, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்'னாரு."

காபி ஆறிவிடும், குடியுங்கள் என்று சொன்னேன்.

"அன்னைக்கு நான் பக்கவாட்டுல நின்னேன்லா. அவரு மூஞ்சி எனக்குத் தெரிஞ்சது. பிளேன் அவரப் பாத்தே வருது. விரல எடுத்தா போதும்லா, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'விடுங்க அண்ணாச்சி, விடுங்க'ன்னு தொண்ட கிழியக் கத்துனேன். என்னத் திரும்பிப் பாத்தாரு. வேண்டாம்னு தலைய ஆட்டிட்டு, மறுபடியும் அதப் பாத்துக்கிட்டு நின்னாரு. பயமே இல்லக்கா அவரு மூஞ்சில. நீங்க தெரியாம பண்ணதுதான, அத நெனச்சு நெனச்சு வேகாதீங்க. அவரு ஒங்கள மன்னிச்சுத்தான் போயிருக்காரு."

அவர் என்னை மன்னித்தாராம். கேட்டீர்களா மேடம், அவர் என்னை.

மரியான் போன பிறகு நிறைய யோசித்தேன். மரியான் பொய் சொல்கிற ஆள் இல்லை, ஆனால் பதற்றத்தில் கண்ணுக்கு எது வேண்டுமானாலும் தெரியும். அவர் விரலை எடுக்காதது நான் பழக்கிய பழக்கம். திருத்துவேன் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். எடுக்க நினைத்தபோது நேரம் போயிருக்கும். உப்புக் காற்றில் கை பிசுபிசுக்கும், சுவிட்ச் சிக்கியிருக்கும். தலையை ஆட்டினார் என்பது கழுத்தை விலக்கப் பார்த்ததாக இருக்கும். பயமில்லாத மனுஷர் உண்டா மேடம்? ஒரு வருஷம் நான் உழைத்திருக்கிறேன். அவராக நின்று வாங்கிக்கொண்டார் என்று யாரோ வந்து சொன்னால், அப்புறம் நான் செய்தது என்ன? முத்துமாரிக்கு நான் என்ன பதில் சொல்ல?

அதனால்தான் வந்தேன். விபத்து என்று இருந்ததை அடித்துவிடுங்கள். இசக்கிசெல்வி, திட்டம் போட்டு, தெரிந்தே, மந்திரமூர்த்தியைக் கொன்றாள் என்று எழுதுங்கள். தூக்கு என்றாலும் சரி, ஆயுள் என்றாலும் சரி, மேல்கோர்ட்டுக்கு எல்லாம் போகமாட்டேன். மரியானை மறுபடி கூப்பிட்டு விசாரிக்கவேண்டாம். அண்ணாச்சி முகத்தை மரியான் பார்த்ததாகச் சொல்வதை மட்டும் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில், பயந்து அலறினார், ஓடப் பார்த்தார் என்று இருக்கட்டும். ஒரு அடியாவது பின்னால் எடுத்துவைத்தார் என்று எழுதுங்கள் மேடம். மீதியை நீங்கள் எப்படி எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.